பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்கும் ஓர் ஆசிரியர் ஆய்வுலகில் பங்கெடுக்க வழி என்ன?

கேள்வி: சுங்கை சிப்புட் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கிறேன். என் பெற்றோர் இருவரும் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்கள். நான் பிறந்த லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, இன்று இல்லை. அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு பாடத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, "பெரட்டுக்குப் போவதற்கு முன்பே அம்மா சமைத்து வைத்துவிடுவார்" என்று சொன்னேன். பிள்ளைகளில் ஒருவருக்கும் பெரட்டு என்றால் என்னவென்று தெரியவில்லை. விடிவதற்கு முன் தொழிலாளர்கள் திரண்டு நின்று, பெயர் கொடுத்து, அன்றைய வேலையைப் பிரித்து வாங்கிக்கொண்ட வழக்கத்தை அவர்களுக்கு விளக்கிச் சொன்னேன். மங்கு (பால் வடியும் கிண்ணம்), கட்டிப்பால் (உறைந்த பால்), தண்டல் (மேற்பார்வையாளர்), ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஆகிய சொற்களையும் அவர்கள் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று மாலையே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினேன்.

அதன்பின் விடுமுறை நாள்களில், தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறிய முதியோர் 23 பேரைச் சந்தித்து, அவர்கள் பேசியதைக் கைபேசியில் பதிவு செய்து, அறுநூறுக்கும் மேற்பட்ட சொற்களைப் பொருளோடு திரட்டியிருக்கிறேன். அவற்றில் ஒரு பகுதியை 22 பக்கக் கட்டுரையாக எழுதித் தமிழ் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து இரண்டு மதிப்பீட்டாளர்களின் கருத்துகளுடன் ஆசிரியர் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. ஒருவர் அரைப் பக்கத்தில் பாராட்டியிருந்தார். மற்றவரோ மூன்று பக்கத்துக்குக் குறைகளை அடுக்கியிருந்தார்: பெரட்டு என்பது அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பதற்கு என்ன சான்று, இலங்கை மலையகத் தோட்டங்களிலும் இதே சொல் வழங்குவதைக் கட்டுரையாளர் பார்த்தாரா, தகவல் தந்தவர்கள் எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு வேலை செய்தவர்கள், அவர்களிடம் ஒப்புதல் பெறப்பட்டதா என்று கேள்விகள் நீண்டன. கட்டுரைக்குப் "பெருந்திருத்தம் தேவைப்படுகிறது" என்று கடிதம் முடிந்திருந்தது. நாகரிகமாக மறுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு கடிதத்தை மூடிவைத்தேன். ஏழு மாதம் ஆகிவிட்டது.

இதற்கிடையில், வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டு மாநாடு ஒன்றிலிருந்து, என் கட்டுரையை இரண்டே நாளில் ஏற்றுக்கொள்வதாகவும் 400 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும் என்றும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. அந்தப் பணம் எனக்குச் சிறிய தொகையில்லை. இருந்தாலும், முகம் தெரிந்த நான்கு ஆய்வாளர்கள் இருந்தால்தானே இத்துறையில் வளர முடியும் என்ற ஆசையும் விடவில்லை. நான் முதலில் முதுகலை படிக்க வேண்டுமா, மாநாட்டுக்குப் போக வேண்டுமா, அல்லது இயங்கலையிலேயே (ஆன்லைனில்) கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், ஈப்போ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மற்றவை எல்லாவற்றுக்கும் முன்பாக, மூடிவைத்த கடிதத்தை எடுத்து மீண்டும் படியுங்கள். அவர்கள் உங்களை மறுக்கவில்லை. ஒரு கட்டுரையைப் பற்றி ஆய்விதழ்கள் பொதுவாக நான்கு விதமாக முடிவெடுக்கும்: அப்படியே ஏற்பது, சிறு திருத்தத்துடன் ஏற்பது, பெருந்திருத்தம் செய்து மீண்டும் அனுப்பச் சொல்வது, மறுப்பது. முதல் வகை மிக அரிது. நான் மதிப்பீட்டாளராக இருந்த ஆண்டுகளில் திருத்தமே வேண்டாம் என்று எழுதிய கட்டுரைகள் விரல்விட்டு எண்ணும் அளவுகூட இருக்காது. உங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது வகை. கட்டுரையில் அச்சிடத்தக்க பொருள் இருக்கிறது, அதை நிறுவும் முறையில்தான் குறை இருக்கிறது என்பதே அதன் பொருள்.

மூன்று பக்கம் எழுதிய அந்த மதிப்பீட்டாளரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பணிக்குப் பொதுவாக யாரும் ஊதியம் கொடுப்பதில்லை. உங்கள் 22 பக்கத்தையும் வரிவரியாகப் படித்து, பெரட்டு என்ற ஒரு சொல்லுக்காக இலங்கை வரைக்கும் யோசித்து, அதை மூன்று பக்கமாக எழுத அவருக்கு இரண்டு இரவாவது ஆகியிருக்கும். அரைப் பக்கம் பாராட்டியவர் உங்களை மகிழ்வித்தார். அடுத்து நீங்கள் செய்ய வேண்டிய வேலையை இவரே காட்டியிருக்கிறார். அவர் கேட்ட கேள்வியின் கனத்தைப் பாருங்கள். தென்னிந்தியாவிலிருந்து மலாயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணிகள் வழியாக, அதாவது ஊருக்குப் போய் ஆள் திரட்டி வரும் மேற்பார்வையாளர்கள் வழியாக, ஆள் கட்டினார்கள். ஆகவே இரு நாட்டுத் தோட்டங்களிலும் ஒரே சொல் இருக்குமானால், அது இங்கே பிறந்ததா, அங்கிருந்து வந்ததா, இரண்டுக்கும் பொதுவான துரைமார் பேச்சிலிருந்து தனித்தனியே எடுக்கப்பட்டதா என்பது தனிக் கட்டுரையாக விரியக்கூடிய வினா. அதை உங்களிடம் ஒருவர் இலவசமாகத் தந்திருக்கிறார்.

இந்த மதிப்பாய்வு முறை இன்று எல்லா ஆய்விதழ்களுக்கும் பொதுவாகிவிட்டாலும் அது அவ்வளவு பழையதன்று. இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் 1665இல் தொடங்கியது என்றாலும், இப்போது நாம் காணும் வெளி மதிப்பீடு இருபதாம் நூற்றாண்டில்தான் பரவியது. புகழ்பெற்ற நேச்சர் இதழே 1973இல்தான் அதைக் கட்டாயமாக்கியது. 1936இல் ஐன்ஸ்டைன் தம் உதவியாளர் ரோசனுடன் எழுதி அனுப்பிய கட்டுரையை ஃபிசிக்கல் ரிவியூ இதழ் ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டி, அவர் சுட்டிய பிழைகளுடன் திருப்பி அனுப்பியது. அச்சாகும் முன் பிறரிடம் காட்ட நான் அனுமதி தரவில்லையே என்று சினந்து ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மதிப்பீட்டாளர் சொன்னது சரி என்பது பிறகு தெரியவந்தது; வேறோர் இதழில் அக்கட்டுரை முடிவு மாற்றப்பட்டே வெளியானது. மனம் புண்படுவது இயல்பு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடிதத்திலுள்ள ஒவ்வொரு கருத்தையும் எண் போட்டுத் தனியே பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே நீங்கள் என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் மாற்றினீர்கள் என்று குறியுங்கள். உடன்படாத இடத்தில் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை; ஏன் மாற்றவில்லை என்பதைச் சான்றுடன் பணிவாக எழுதினால் போதும். பெரட்டின் மூலத்துக்குச் சான்று கிடைக்கவில்லையென்றால், "முதியோர் இவ்வாறு கருதுகின்றனர்" என்று எழுதி அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏழு மாதத் தாமதத்துக்கு இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்து, திருத்திய கட்டுரையை இன்னும் ஏற்பீர்களா என்று ஆசிரியர் குழுவிடம் இன்றே கேளுங்கள். பெரும்பாலும் புதிய சமர்ப்பிப்பாக அனுப்பச் சொல்வார்கள். அதனால் இழப்பு ஒன்றும் இல்லை.

அந்த 400 டாலர் மாநாட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். இரண்டு நாளில் ஒரு கட்டுரையைப் படித்து மதிப்பிட எவராலும் முடியாது. 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொகானன் என்பவர், வேண்டுமென்றே பிழைகளை வைத்து எழுதிய போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க (எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய) ஆய்விதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. மாநாட்டு வணிகமும் இதே வழியில்தான் நடக்கிறது. மருத்துவம், பொறியியல், இலக்கியம் என்று எல்லாத் துறைக்கும் ஒரே மாநாடு, கல்விக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற விவரம் இல்லாத வலைப்பக்கம், கட்டணத்துக்கு மட்டும் தெளிவான காலக்கெடு என்று இருந்தால் விலகிவிடுங்கள். ஆய்விதழ் என்றால் 2003இல் தொடங்கிய திறந்த அணுக்க இதழ்களின் அடைவிலும், நம் நாட்டு ஆய்விதழ்களைத் தொகுக்கும் மைசைட் பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இருப்பது மட்டும் தரத்துக்கு முழு உறுதி தந்துவிடாது. குழுவில் இருப்பதாகச் சொல்லப்படும் பேராசிரியர் ஒருவருக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதிக் கேட்பது அதைவிடச் சிறந்த சோதனை.

என்னைக் கேட்டால், மாநாடு பிறகு இருக்கட்டும். முதலில் கட்டுரையை முடியுங்கள்.

மறுமொழி 2: ஆசிரியை, கோலக் கெட்டில்

வணக்கம் ஐயா. விரிவுரையாளர் ஐயா சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன், கடைசி வரியைத் தவிர. கட்டுரை முடியட்டும் என்று காத்திருந்தால் என்னைப் போன்றவர்களின் கட்டுரை முடியவே முடியாது. பள்ளி வேலை, பிள்ளைகள், மாமியாரின் மருத்துவமனை நாள்கள் என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு, மாநாட்டுத் தேதி ஒன்று நாள்காட்டியில் விழுந்த பிறகுதான் எழுத்து நகர்ந்தது.

நானும் கெடாவில் ஒரு தோட்டத்துக்காரி. உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்த தமிழ் மாநாட்டுக்கு 250 சொல்லில் ஆய்வுச்சுருக்கம் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். பேசுவதற்குப் பதினைந்து நிமிடம், கேள்விக்கு ஐந்து நிமிடம். நான் 26 படவில்லைகளைத் தயாரித்து எடுத்துப் போனேன். ஒன்பதாவதில் இருக்கும்போது தலைவர் மணியடித்துவிட்டார். என் ஆய்வின் முடிவு இருபத்திரண்டாவது படவில்லையில் இருந்தது. அன்று தங்குவிடுதி அறையில் அழுதேன் என்பது உண்மை. அடுத்த ஆண்டு ஆறே படவில்லைகளுடன் போய், முடிவை முதலில் சொல்லிவிட்டு, சான்றுகளைப் பின்னால் வைத்தேன். அந்த மாற்றத்தை எந்தப் புத்தகமும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

மாநாட்டில் மேடையைவிட உணவு வேளை எனக்குப் பெரிதாகப் பயன்பட்டது. தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு முதிய பேராசிரியர் வந்து, என் ஆய்வில் நான் கும்மிப் பாடல் என்று வகைப்படுத்தியவற்றில் இரண்டு, தாலாட்டின் சந்தத்தில் இருக்கின்றன என்று சொல்லி, மெல்லிய குரலில் பாடியே காட்டினார். கேள்வி நேரத்தில் அவர் அதைக் கேட்டிருந்தால் நான் கலங்கியிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று வரை என் வரைவுகளை அவருக்கு அனுப்புகிறேன்.

இன்னொன்றையும் நம் நாட்டு ஆசிரியர்கள் நினைத்துப் பெருமைப்படலாம். தனிநாயகம் அடிகள் முன்னின்று 1964இல் தில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தொடங்கியபோது, அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தார். அம்மன்றத்தின் முதல் மாநாடே 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில்தான் நடந்தது. சென்னை அதற்கு ஈராண்டு பின்னால் வந்தது. தமிழ் இணைய மாநாடுகளும் 2001இலும் 2013இலும் கோலாலம்பூரில் நடந்திருக்கின்றன. எழுத்துருவும் விசைப்பலகையும் செய்த நம் முத்து நெடுமாறன் போன்றவர்கள் அந்த மாநாடுகளில் பல்கலைக்கழக ஆசிரியர்களோடு சமமாக அமர்ந்து பேசினார்கள். ஆகவே பட்டம் இல்லையே என்று தயங்காமல், 400 டாலர் கேட்பவர்களை விட்டுவிட்டு, ஈப்போவிலிருந்தோ தஞ்சோங் மாலிமிலிருந்தோ அன்றே வீடு திரும்பக்கூடிய ஒரு கருத்தரங்கில் தொடங்குங்கள். பள்ளி நாளில் நடந்தால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டு ஒரு வாய்ப்பை நான் இழந்திருக்கிறேன்.

மறுமொழி 3: தொலைநிலை மாணவி, பீடோர்

ஐயாவுக்கு வணக்கம். இயங்கலைக் கல்வி பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் தோட்ட அலுவலகம் ஒன்றில் எழுத்தர், இரவில் படிக்கிறேன்.

முதுகலைப் பட்டம் வேண்டும் என்றால் நம் நாட்டில் 2000இல் நிறுவப்பட்ட மலேசியத் திறந்த பல்கலைக்கழகமும், பினாங்கைத் தளமாகக் கொண்டு வாவாசான் திறந்த பல்கலைக்கழகமும் வேலை செய்துகொண்டே படிக்க இடம் தருகின்றன. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தபோது, பட்டத்தைவிட ஆய்வுமுறைப் பயிற்சிதான் உங்களுக்கு உடனே தேவை என்று எனக்குப் பட்டது. அதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. களப்பணி, நேர்காணல், ஆய்வு நெறி ஆகியவை பற்றிய பாடங்கள் கோர்செரா, எடெக்ஸ் தளங்களிலும் இந்தியாவின் சுவயம் தளத்திலும் உள்ளன. சான்றிதழ் வேண்டாம் என்றால் பலவற்றைக் கட்டணமின்றிக் கேட்கலாம். தமிழிலேயே படிக்க, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் மின்நூலகமும் உள்ளன. எங்கள் வீட்டுப் பக்கம் மழை வந்தால் இணையம் போய்விடும் என்பதால், காலையில் அலுவலகம் போகும் முன் விரிவுரைகளைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வேன்.

நூலகம் தொலைவில் இருப்பதும் இப்போது பெரிய தடையில்லை. ஜேஸ்டோர் தளத்தில் பெயர் பதிந்தால் 30 நாளுக்கு 100 கட்டுரைகள் வரை இயங்கலையில் இலவசமாகப் படிக்கலாம். மதிப்பீட்டாளர் கேட்ட இலங்கைச் சான்றுகளுக்கு நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தைத் தேடிப் பாருங்கள்; மலையக எழுத்துகள், பழைய இதழ்கள், மலர்கள் அங்கே வருடப்பட்டுக் கிடக்கின்றன. கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டுரை ஒன்று வேண்டுமென்றால் அதை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் இதுவரை ஒன்பது பேருக்கு எழுதி ஏழு பேரிடமிருந்து படி பெற்றிருக்கிறேன். ஒருவர் அச்சாகாத தம் களக்குறிப்புகளையும் சேர்த்து அனுப்பினார்.

ஆனால் தனியாகக் காணொளி பார்த்துக்கொண்டிருந்த முதல் ஆண்டில் நான் மூன்று பாடங்களைத் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டேன். பிறகு ஐந்து பேர் சேர்ந்து புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு குழு அமைத்தோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு இரவில் கூடுவோம். ஒருவர் தம் வரைவை முன்கூட்டியே அனுப்ப வேண்டும்; மற்ற நால்வரும் ஆய்விதழ் மதிப்பீட்டாளர் எழுதுவது போலவே எழுதித் தர வேண்டும்: கட்டுரை என்ன சொல்கிறது என்று நம் சொல்லில் ஒரு பத்தி, அதற்குச் சான்று போதுமா என்று ஒரு பத்தி, அதற்குப் பிறகுதான் எழுத்துப்பிழை. பிறர் கட்டுரையை இப்படிப் பத்து முறை மதிப்பிட்ட பிறகு என் கட்டுரையை நானே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் குழுவில் ஒருவர் விலகியதால் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் வருவதானால் மற்றவர்களிடம் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் நன்றி. பீடோர் அக்கா, வரும் ஞாயிறு முதல் உங்கள் குழுவில் சேர விரும்புகிறேன். வெளிநாட்டு மாநாட்டுக்குப் பணம் கட்டவில்லை. ஆய்விதழுக்கு அன்றிரவே எழுதினேன். புதிய சமர்ப்பிப்பாக அனுப்பினால் அதே மதிப்பீட்டாளர்களிடம் அனுப்ப முயல்வதாக மூன்றாம் நாள் பதில் வந்தது. கடிதத்தைப் பிரித்து எண் போட்டதில் 31 கருத்துகள் இருந்தன. அவற்றில் 19 நான் ஒரு நாளில் செய்யக்கூடியவை. ஏழு மாதமாக நான் அஞ்சிக்கொண்டிருந்தது எதற்காக என்று எனக்கே விளங்கவில்லை.

ஒப்புதல் பற்றிய கருத்துதான் என்னை நிறுத்தியிருக்கிறது. நான் பேச்சைப் பதிவு செய்தபோது எல்லாரிடமும் வாய்ச்சொல்லாகக் கேட்டுத்தான் செய்தேன். எழுத்தில் எதுவும் இல்லை. 23 பேரில் நால்வர் இப்போது உயிருடன் இல்லை. மற்றவர்களை மீண்டும் சந்திக்கத் தொடங்கியிருக்கிறேன். நேற்று சென்ற வீட்டில், நாற்பது ஆண்டு பால் வெட்டிய பாட்டி ஒருவரிடம், "உங்கள் பெயர் வெளியே தெரியாமல் எண் கொடுத்துக் குறிப்பிடுவோம்" என்று நான் படித்தறிந்தபடி விளக்கினேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "கணக்குப் புத்தகத்துல நாப்பது வருசம் நம்பராத்தான் இருந்தேன், இதுலயுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இதற்கு ஆய்வு நெறி என்ன சொல்கிறது?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், ஈப்போ

பெயரை மறைப்பது தகவலாளருக்குத் தீங்கு வராமல் காப்பதற்காக ஏற்பட்ட வழக்கம். வாய்மொழி வரலாற்றுத் துறையில், சொன்னவர் விரும்பினால் அவர் பெயரையே இடுவதுதான் நடைமுறை. ஒப்புதல் தாளில் இரண்டு வாய்ப்புகளையும் தமிழில் எழுதி, எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதையும் பதிவு செய்து, கையொப்பமோ பெருவிரல் ரேகையோ பெற்றுக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டத்துத் துரையைப் பற்றியோ தண்டலைப் பற்றியோ கசப்பாகப் பேசிய பகுதிகள் இருந்தால் அவற்றை மட்டும் தனியே கேட்டு முடிவெடுங்கள். மறைந்த நால்வருக்காக அவர்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். கிடைக்காத இடத்தில், வாய்ச்சொல் ஒப்புதல் எந்தத் தேதியில் பெறப்பட்டது என்பதைக் கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள்.

அந்தப் பாட்டியின் பெயரை, அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயருடனும் ஆண்டுகளுடனும் முழுமையாக எழுதுங்கள். மதிப்பீட்டாளர் கேட்ட விவரமும் அதுதான்.